முதல் பக்கத்தில் செத்துப்போன அப்பா

என் அண்ணன் எழுதிய முதல் நாவலில் நான் பாதாளத்துக்குப் போனேன். என் அம்மா ஊர் ஊராக என்னைத் தேடி அலைந்தாள். என் மாமியார் மூன்று தலை நாயாக வாசலில் படுத்திருந்தாள். என் அப்பா முதல் பக்கத்திலேயே செத்துப்போனார். குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிற குடும்பத்தை இப்படித் திசைக்கு ஒருவராக அனுப்பிவைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, "படிச்சிட்டு எப்டி இருக்குதுன்னு சொல்லு" என்றான்.

நாடு கைமாறி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், ஆனால் எழுதிக்கொடுக்க வேண்டியதை இன்னும் முழுசாக எழுதிக்கொடுக்கவில்லை என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகள் எடுபட்டுவிட்டன, அது போதும். எங்கள் பக்கத்தில் எல்லை என்பது நேராகப் போகிற கோடு அல்ல. ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இந்தியா, அதற்கடுத்த தோப்பு மறுபடியும் பிரெஞ்சு. நான் பிறந்த வீடு வில்லியனூர் பக்கம். வாழ்க்கைப்பட்ட வீடு மடுகரையைத் தாண்டி இந்தியாவில். நாடு கைமாறுவதற்குப் பத்து மாசம் முன்னால், தை மாசத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்போது பிறந்த வீட்டுக்கு வர வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். இன்றைக்குத் திறந்திருக்கும் சாவடி நாளைக்கு மூடியிருக்கும்.

அண்ணன் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அப்போது பாகூர் பக்கத்தில் வாத்தியாராக இருந்தான். அந்தக் கதையும் அவன் சொந்தக் கதை அல்ல. கிரேக்க தேசத்துப் பழங்கதை. பயிர் பச்சையை விளைய வைக்கிற ஒரு தாய்த் தெய்வம். அவளுக்கு ஒரே மகள். மகள் பூப்பறிக்கப் போன இடத்தில் பூமி பிளந்து, பாதாள ராஜா தேரில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தாய் தேடி அலைகிறாள். கிடைக்காத கோபத்தில் உலகத்தில் ஒரு புல்கூட முளைக்காமல் செய்துவிடுகிறாள். தேவர்கள் பயந்துபோய், மகளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் மகள் பாதாளத்தில் நாலு மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள். அங்கே தின்றவள் அந்த இடத்துக்காரி. அதனால் வருஷத்தில் கொஞ்ச நாள் புருஷனிடம், மீதி நாள் தாயிடம். இதுதான் கதை. அண்ணன் இதைத் தூக்கிவந்து பாகூர் ஏரிக்கரையில் இறக்கிவைத்திருந்தான். தாய்க்கு ஏரிப் பாசனத்தில் நிலம். பாதாளம் சாவடிக்கு அந்தப் பக்கம்.

ராத்திரி பகல் பார்க்காமல் படித்தேன் என்று சொல்ல ஆசைதான். எனக்கு நாலு வயசில் ஒரு மகன், தொழுவத்தில் இரண்டு மாடு. அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் கொஞ்சம், மகன் தூங்குகிற நேரத்தில் கொஞ்சம் என்று படித்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு எழுத வரும். அது எனக்கு அதுவரை தெரியாது. ஏரி வற்றுகிற அத்தியாயம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். முதலில் கரையோரம் வெடிக்கிறது. பிறகு மதகுப் பக்கம் சேறு தெரிகிறது. கொக்குகள் நடு ஏரியில் நடக்கின்றன. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், கையாலேயே மீன் பிடிக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் கரையில் நின்று ஒன்றும் பேசாமல் பார்க்கிறார்கள். இதில் ஒரு வரியைக்கூட அவன் கிரேக்கத்திலிருந்து எடுக்கவில்லை. எல்லாம் அவன் கண்ணால் பார்த்தது. தாய் மகளைத் தேடிப் போகிற பகுதியும் அப்படித்தான். கண்டவரிடமெல்லாம் அடையாளம் சொல்லிக் கேட்கிறாள். கேட்கக் கேட்க அடையாளம் குறைந்துகொண்டே வருகிறது. முதலில் பாவாடையின் நிறம், காதில் போட்டிருந்தது, நெற்றித் தழும்பு என்று சொன்னவள், கடைசியில் "ஒரு பொண்ணு போச்சா?" என்று மட்டும் கேட்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எழுதியவன் என் மாங்காயைப் பிடுங்கித் தின்றவன், என் பின்னலைக் கட்டில் காலில் கட்டியவன் என்பதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.

குறை என்று பார்த்தால், முதலில் பாதாளம். எப்போது பார்த்தாலும் இருட்டு, எப்போது பார்த்தாலும் புகை. அங்கே யாரும் சிரிப்பதில்லை, சமைப்பதில்லை, துணி துவைப்பதில்லை. நான் அந்தப் பாதாளத்தில்தான் குடித்தனம் நடத்துகிறேன். அங்கே முருங்கை காய்க்கிறது, கோழி முட்டை வைக்கிறது, எதிர்வீட்டுக்காரி தினமும் சண்டைக்கு வருகிறாள். அண்ணன் ஒரு நாள் வந்து தங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று தலை நாய் என்று என் மாமியாரைத்தான் எழுதியிருந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாயின் ஒரு தலை வெற்றிலை போடுகிறது. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கு ஒரு தலைகூட மிஞ்சியிருக்காது.

அடுத்த குறை, பாதாள ராஜா நாடக மேடையில் நிற்கிறவன் மாதிரி பேசுகிறான். "பெண்ணே" என்று ஆரம்பித்தால் ஒரு பக்கம் போகிறது. என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வாரத்தில் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சும் "வெந்நி இருக்குதா?" என்பதுதான்.

பெரிய குறை மாதுளை. பாதாளத்தில் தின்றவள் ஏன் திரும்பி வரக் கூடாது என்று அண்ணன் நாலைந்து பக்கம் விளக்கம் எழுதியிருந்தான். தேவர்களின் சட்டம், உயிரின் தத்துவம், விதைக்குள் இருக்கிற மரம் என்று எங்கெங்கோ போகிறது. இதையெல்லாம் யாருக்குச் சொல்கிறான்? நம் ஊரில் சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிகிறவரை யாராவது கை நனைப்பார்களா? தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். "மொதல்ல பேச்சு முடியட்டும்" என்பார்கள். அங்கே சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டால், சம்மதம் என்று வாயால் சொல்லவே வேண்டாம், முடிந்தது காரியம். பெண்ணைப் பெற்றவர்கள் பெண் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கும்வரை கை நனைப்பதில்லை. ஆகாதவன் வீட்டில் கை நனைப்பதில்லை. இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி போதும். பாதாளத்தில் கை நனைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தால் வில்லியனூரிலிருந்து பாகூர் வரை ஒவ்வொரு பெண்பிள்ளையும் 'ஐயோ' என்றிருப்பாள். பிரெஞ்சில் படித்ததால் அண்ணனுக்கு அது எங்கேயோ தூர தேசத்து விஷயமாகத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கை நனைக்கிற விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. என் அம்மா என் வீட்டில் கை நனைத்ததே இல்லை. பேரன் பிறக்கும்வரை என்பது வழக்கம். பேரன் பிறந்தான். பிரசவம் அம்மா வீட்டில்தான். பத்தியச் சோற்றிலிருந்து பிள்ளைக்கு வசம்பு சுட்டு உரைத்தது வரை அம்மா எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்குக் காது குத்தும்போது எங்கள் வீட்டுக்கு வந்தாள். பலகாரம் அடுக்கிய இலைக்கு முன்னால் உட்காரவே இல்லை. "வயிறு சரியில்ல" என்றாள். குடிக்கிற தண்ணீரைக்கூடச் சொம்பில் கொண்டுவந்திருந்தாள். மாமியார் வீட்டுக்காரர்கள் முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. சாவடிக்கு அந்தப் பக்கம் என்னைக் கொடுத்ததில் அம்மாவுக்கு இஷ்டமில்லை, அந்த வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். வில்லியனூரிலேயே ஒரு நல்ல இடம் வந்திருந்தது. அதை முடிக்கத்தான் அவளுக்கு ஆசை.

அந்த இடம் தட்டிப்போன கதையை எனக்குச் சொன்னது மாமியார்தான். கல்யாணம் ஆன புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னாள். தரகர் என் அப்பாவை மாப்பிள்ளை வீடு பார்க்கக் கூட்டிவந்திருக்கிறார். பார்த்துவிட்டு மத்தியானமே திரும்புவதாக ஏற்பாடு. அன்றைக்கு எல்லையில் ஏதோ ஊர்வலம், கல்வீச்சு, சாவடியை மூடிவிட்டார்கள். அப்பா திரும்பிப்போக முடியவில்லை. பேச்சு முடியாமல் கை நனைக்க மாட்டேன் என்று மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. "விடிகாலையில மோர் ஊத்திக் கூழு கரைச்சேன். வெங்காயம் உரிச்சி வெச்சேன். அந்த வாசனைக்கு உங்கப்பா கயித்துக் கட்டில்ல இருந்து எழுந்து வந்துட்டாரு. ரெண்டு சொம்பு குடிச்சாரு. குடிச்சி முடிச்சி நிமிந்து பாக்கறாரு, உங்க மாமனாரு தாம்பாளத்துல வெத்தல பாக்கு வெச்சிக்கினு எதிர்ல நிக்கறாரு!" என்று மாமியார் கையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கூழுக்கு விற்ற பெண் என்று என்னையே கேலி செய்துகொண்டேன். அப்பா, பிரெஞ்சுக்காரன் காலத்து ஊர்த்தலைவரான மேருக்கு வேண்டியவர், நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷர். அவர் பசிக்கு முன்னால் தோற்றுப்போனதில் எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

சரி, நாவலுக்கு வருகிறேன். மாதுளை தின்கிற இடம். கிரேக்கக் கதையில் அது எப்படி இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அண்ணனுடைய நாவலில் அந்தப் பெண்ணை யாரும் ஏமாற்றவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. அவளாகவே எழுந்து போகிறாள். அவளாகவே பழத்தைக் கேட்கிறாள். "தேர் வந்த அன்றே உன்னைப் பார்த்தேன். இந்தக் கனியை நானே விரும்பிக் கேட்கிறேன்" என்கிறாள். நாவல் முழுவதும் அவள் பேசுகிற பேச்சே அவ்வளவுதான். அம்மாவின் அழுகைக்கு அத்தனை அத்தியாயம் எழுதியவன், மகளுக்கு ஒரே ஒரு பேச்சைக் கொடுத்து, அதையும் இப்படிக் கொடுத்திருந்தான். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது மகனைத் தூக்கிக் கொஞ்சவிடாமல் கேட்டேன். "ஏண்ணா, அந்தப் பொண்ணு நான்தானே?"

"எல்லாம் கற்பனதான்" என்றான்.

"மூணு தல நாயி வெத்தல போடுது. இதுவா கற்பன? நான் எப்பண்ணா பழத்தக் கேட்டேன்?"

அவன் முகத்தில் திருட்டுத்தனம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீதானே அப்பாகிட்ட சொன்ன? வில்லியனூர் தேர்த் திருவிழாவுல மாப்பிள்ளையப் பாத்தேன், கட்டிக்கினா அவரத்தான் கட்டிக்குவேன்னு? அம்மாகிட்ட அப்பா அப்படித்தானே சொன்னாரு? அதனாலதானே அம்மா வில்லியனூர் இடத்த வுட்டா?"

நான் தேர்த் திருவிழாவில் தேரைத்தான் பார்த்தேன். அண்ணன் சொல்லச் சொல்ல எல்லாம் புரிந்தது. சம்பந்தம் பேசப் போன இடத்தில் பசி பொறுக்காமல் கை நனைத்துவிட்டேன், அதனால் மறுக்க முடியவில்லை என்று அம்மாவிடம் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். பெண் ஆசைப்படுகிறாள் என்று சொல்லிவிட்டார். தரகருக்குக் காரியம் முடிந்தால் சரி, அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? அம்மாவும் அதை நம்பிக்கொண்டு, பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பனிடம் போய்ச் சொன்னவள், சாவடிக்கு அந்தப் பக்கம் துள்ளிக்கொண்டு போனவள் என்று என்மேல் மனசை மூடிக்கொண்டுவிட்டாள். இதை அண்ணன் அச்சுப்போட்டு ஊருக்கே கொடுத்துவிட்டான். மாமியார் சொன்ன கூழ்க் கதையை அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.

மறுநாளே பிறந்த வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து, அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போனால், வீட்டில் பக்கத்துவீட்டுப் பெண் நாவலை வாசித்துக்கொண்டிருக்கிறாள், அம்மா தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. இரண்டாவது முறையாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாளாம். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. அம்மாவின் துக்கம் என்று ஒன்று இருப்பதாக அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. மகன் புத்தகமாகவே போட்டுவிட்டான்.

"உங்கண்ணன் எம்மனசுல பூந்து எழுதிக்கிறான்டி" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அவளே கேட்டு வாங்கித் தின்னுட்டா. அதுக்கப்புறம் பெத்தவ கத்தி இன்னா ஆவப்போவுது?" என்றாள்.

எனக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. பின்பக்கம் அப்பா இருமுகிற சத்தம் கேட்டது. நாடு கைமாறிய பிறகு அப்பாவைப் பார்த்து எழுந்து நிற்கிறவர்கள் இல்லை. மேர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அப்பாவின் குரலும் இறங்கிப்போய்விட்டது. அவருக்கு மிச்சம் இருந்த மரியாதை அந்த வீட்டுக்குள் இருந்ததுதான். அதை என் கையால் எடுத்துவிடட்டுமா? எழுந்து பின்பக்கம் போனேன்.

அப்பா வைக்கோல் போரை ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். "படிச்சியா?" என்றார்.

"படிச்சேன்."

"எப்டி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. அந்தப் பொண்ணோட அப்பாதான் மொதப் பக்கத்துலயே செத்துட்டாரு."

"ம்" என்றார் அப்பா. "நல்லதாப் போச்சி."

நான் அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன். "நான் உன்னக் கேட்டனாப்பா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். அவர் வைக்கோலில் ஒன்றை உருவி, சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அந்த மாசக் கடைசியில் வில்லியனூர் வாசகசாலையில் நாவலுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். ஆண்களுக்கு பெஞ்சு, பெண்களுக்கு ஒரு பக்கமாகப் பாய். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் பாயில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். நெடுநாள் கழித்து அவருக்கு நாலு பேர் வணக்கம் சொன்னார்கள். அண்ணனுக்குப் பாடம் நடத்திய பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவர் பட்டணத்திலிருந்து வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், தமிழர், நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

அவர் நல்லதை நிறையச் சொன்னார். ஏரி வற்றுகிற அத்தியாயத்தை எடுத்து ஒரு பாரா வாசித்தார். கூட்டம் சத்தமில்லாமல் கேட்டது. வெளிநாட்டுக் கதையை நம் மண்ணில் நட்டு, அது பட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டது சின்ன விஷயமில்லை என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு குறைகள். பாதாளத்தில் வெளிச்சமே இல்லை என்றார். ராஜா அதிகம் பேசுகிறான் என்றார். நானும் அடுப்படியில் உட்கார்ந்து இதைத்தானே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று சொன்னார்.

"மூலக்கதையில் அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் உண்டு. சாதாரணத் தகப்பன் அல்ல, தேவர்களுக்கெல்லாம் தலைவன். அவன் சம்மதம் கொடுத்த பிறகுதான் பாதாள ராஜா பெண்ணைத் தூக்குகிறான். தாயிடம் யாரும் கேட்கவில்லை, மகளிடமும் கேட்கவில்லை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நம் ஆசிரியர் தகப்பனை முதல் பக்கத்திலேயே கொன்றுவிட்டார். அதனால் பழி முழுவதும் மகள் தலையில் விழுகிறது. ஏன் அப்படிச் செய்தார் என்று அவரே சொன்னால் நன்றாக இருக்கும்."

அண்ணன் எழுந்தான். அவனுக்கு உண்மை தெரிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. பாவம், முகம் வெளுத்துப்போயிருந்தது. "தகப்பன் பாத்திரம் கதையின் ஓட்டத்துக்குத் தடையாக இருந்தது" என்று மேடைத்தமிழில் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தான்.

அப்போது அப்பா எழுந்தார். அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பேராசிரியரைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. பாய்ப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்து நின்றார்.

"அந்தப் பொண்ணு எதையும் கேக்கல" என்றார். "அவன் எழுதனது தப்பு. பொண்ணு கேக்கவும் இல்ல, தின்னவும் இல்ல. போனது அப்பன்காரன். பசி தாங்காம அங்க கை நனைச்சவனும் அப்பன்காரன். வூட்டுக்கு வந்து பொண்ணு ஆசப்பட்டான்னு பொய் சொன்னவனும் அவன்தான்."

கூட்டம் கொஞ்சம் சிரித்தது, பிறகு கை தட்டியது. பெரியவர் கதையைக் குழப்பிக்கொள்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். பேராசிரியர் மட்டும் எழுந்து, "அடடா, புதுப் பார்வை! இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆசிரியர் இரண்டாம் பதிப்பில் இதைச் சேர்க்கலாம்" என்றார். அப்பா உட்கார்ந்தார். அம்மா நன்றியுரை முடிகிறவரை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் யாருடனும் பேசாமல், என்னுடனும் பேசாமல், வீட்டுக்கு நடந்துவிட்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவை மன்னிப்பாளா என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னை இனிமேல் பார்ப்பாளா என்பதுதான் எனக்குக் கவலை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்து வந்ததில் புடவை தோளோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மாமியாரிடம், "சம்பந்தி, எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

மாமியார் என்னைப் பார்த்தாள், நான் மாமியாரைப் பார்த்தேன். வீட்டில் அன்றைக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. கத்திரிக்காய்க் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும்தான். கோழி அடிக்கட்டுமா என்று மாமியார் கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் பரிமாறினேன். அம்மா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் மகன் எதிரில் உட்கார்ந்து பாட்டி சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தான். இந்த வீட்டில் அவன் பிறந்ததிலிருந்து பார்த்திராத காட்சி அது.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பேச்சை என்னிடம் ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். இங்க வந்த புதுசுல எம்பொண்ணு அழுதாளா?"

மாமியாருக்கு எதையும் பாதியில் நிறுத்திச் சொல்லத் தெரியாது. "அழுதாளாவா? நல்லாக் கேட்டீங்க போங்க. சாயந்திரம் ஆனா போதும், களத்துமேட்டுல போய் நின்னுக்குவா. சாவடிப் பக்கமே பாத்துக்கினு இருப்பா. வௌக்கு வெக்க நான்தான் போய்க் கையப் புடிச்சி இட்டுக்கினு வருவேன். இன்னாடின்னு கேட்டா கண்ணுல தூசுன்னுவா. பங்குனி வரைக்கும் அப்படியே இருந்தா. எனக்கே பயம் வந்துடுச்சி, எம்புள்ள எதுனா பண்ணிட்டானான்னு அவனப் புடிச்சித் திட்டினேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என் முகத்தை நேராகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

"எனக்குத் தெரியாமப் போச்சேடி" என்றாள். "நீ இங்க சிரிச்சிக்கினு இருக்கேன்னு நெனச்சிதானேடி நான் அங்க வயிறெரிஞ்சிக்கினு கெடந்தேன்!" என்று வாய்விட்டு அழுதாள்.